இரண்டு வில்லையும் அவன் பையில்

ஹில்க்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. காப்பிக் கோப்பையைத் தூக்கும்போதும் சரி, அடுப்புக்கு விறகு தள்ளும்போதும் சரி, அவை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு யார்மீதோ குற்றம் சொல்வதுபோல நிற்கும். லெஹ்தோவாரா என்ற அந்த வடகோடிப் பனியூருக்குப் புதிதாக வருகிறவர்கள், நடனவிடுதி வாசலில் அத்தனை வருஷம் குடிகாரர்களைத் தூக்கி எறிந்தவளாயிற்றே, எவனாவது போதையில் கடித்திருப்பான் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள். அது தப்பு. அந்த விரல்களை வெட்டியவன் வாழ்நாளில் மோரைத் தவிர வேறொன்றும் குடித்ததில்லை.

ஆற்றங்கரையில் இருந்த அந்த விடுதிக்கு ரந்தா என்று பெயர். சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அக்கார்டியன் வாத்தியம் அழத் தொடங்கிவிடும். வாசலைத் தாண்டியதும் கோட்டறை. அதன் அரைக்கதவுக்குப் பின்னால் ஹில்க்கா நிற்பாள். வருகிறவர்களின் கோட்டை வாங்கிக் கம்பியில் மாட்டிவிட்டு, எண் பொறித்த பித்தளை வில்லையைக் கையில் கொடுப்பாள். ஆண்பிள்ளை என்றால் இடுப்புக் கத்தியையும் கழற்ற வேண்டும். அந்தப் பக்கத்தில் கத்தி இல்லாத இடுப்பு என்பது பல் இல்லாத வாய் மாதிரி. கத்திகள் அவளுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகத் தொங்கும். உள்ளே போனவன் தள்ளாடினால் அவனை வெளியே எடுத்து வைப்பதும் அவள் வேலைதான்.

எடுத்து வைப்பது என்று ஹில்க்காதான் சொல்வாள். பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டும் வில்யோவை ஒரு தடவை எடுத்து வைத்தாள். திங்கட்கிழமையே அவன் வேலைக்குப் போய்விட்டான். அவன் தொப்பிதான் ஏப்ரலில் பனி உருகியபோது, அதுவும் தேவாலயத் தோட்டத்தில் கிடைத்தது. மரவாடி அண்ணன் தம்பி இருவரையும் ஒரே வீச்சில் அனுப்பிய அன்று, அண்ணனின் முன்பல் தம்பியின் நெற்றியில் நட்டுக்கொண்டு நின்றதாம். அந்த வழக்கில் நீதிபதி, புகார் கொடுத்தவர் எங்கே என்று கேட்டார். புகார் கொடுத்தவன் ஹில்க்காவுக்குக் காப்பி வாங்கப் போயிருந்தான்.

அவளுக்கு ஆண்களை அளக்க மூன்று அளவுகோல்கள் இருந்தன: பாட்டில், கத்தி, குரல். எவ்வளவு குடித்திருக்கிறான், கத்தி எவ்வளவு நீளம், எவ்வளவு கத்துகிறான். உண்மையில் ஊர் முழுக்கவே இந்த அளவுகோல்களைத்தான் வைத்திருந்தது. குடிக்காதவன், வாய் திறக்காதவன் என்றால் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். கத்துகிறவனைப் பற்றி ஹில்க்காவுக்குப் பெரிய கவலை கிடையாது. கத்துவான், மேசையைக் கவிழ்ப்பான், மூக்கில் ஒன்று வாங்குவான், பிறகு அவள் தோளிலேயே சாய்ந்து செத்துப்போன அம்மாவை நினைத்து அழுவான். வில்யோ அழுத அழுகையில் அவள் கம்பளிச் சட்டை ஒன்று சுருங்கியே போயிற்று.

அவளிடம் ஒரே ஒரு சட்டம். வில்லை இல்லாமல் கோட்டு கிடையாது. பாதிரியாரே ஒருமுறை வில்லையைத் தொலைத்துவிட்டு, மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு கிழவிகள் கல்லறையிலிருந்து யாரோ எழுந்து வருகிறார் என்று பனியிலேயே மண்டியிட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்டவள்தான் தன் தங்கை அய்லிக்கு மாப்பிள்ளை பார்த்தாள்.

அவன் பெயர் ஓஸ்மோ. நூலகப் பேருந்து ஓட்டுகிறவன். காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டு போவான். கிழவிகளுக்கு வாசற்படிவரை புத்தகத்தைச் சுமந்து கொடுப்பான். ரந்தாவுக்கு வந்தால் காலணியில் ஒட்டிய பனியை வெளியிலேயே தட்டிவிட்டு வருவான். கோட்டை மடித்து நீட்டுவான். இடுப்பில் கத்தி கிடையாது. முதல் தடவை ஹில்க்கா கேட்டபோது, "எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்று சிரித்தான். கூட வந்த மரம் வெட்டிகள், இவன் மீன் அறுக்கக்கூட அண்டை வீட்டுக் கத்தியைக் கடன் வாங்குகிறவன் என்று கேலி செய்தார்கள். உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளர் மோர் வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருவான். ஆட்டம் முடிந்ததும் போதையில் விழுந்தவர்களையெல்லாம் காரில் அள்ளிப் போட்டு வீடு சேர்ப்பான்.

ஹில்க்கா தங்கையைக் கோட்டறைக்குக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த மூலையில உக்காந்திருக்கான் பாரு, அவனப் புடிச்சுக்கோ. இந்த வாசல்ல நான் பாத்ததுலயே தூக்கி எறியத் தேவையில்லாத ஆம்பள அவன் ஒருத்தன்தான்."

அய்லி அப்போது பால்பண்ணைக் கடையில் வேலை பார்த்தாள். வாயாடி. அவள் சிரித்தால் வெண்ணெய் உருகுகிறது என்று கடைக்காரர் புகார் சொல்வார். அக்கா சொன்னதைக் கேட்டு ஓஸ்மோவைப் பார்த்தாள், அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான், அடுத்த கோடையில் கல்யாணம். கல்யாண விருந்தில் ஹில்க்கா தானே தன் முதுகைத் தட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். ஓஸ்மோ மனைவியின் கோட்டைப் பின்னாலிருந்து கழற்றுவான். இரண்டு கோட்டையும் அவனே நீட்டுவான், இரண்டு வில்லையையும் அவனே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மூடுவான். திரும்பும்போது அவனே கோட்டைப் போர்த்தி, கழுத்துவரை ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிவிடுவான். பார்த்த பெண்கள் தங்கள் கணவர்களை முழங்கையால் இடித்தார்கள். வெளியே பூஜ்ஜியத்துக்கு முப்பது டிகிரி கீழே உறைந்து கிடக்கும் ஊரில், ஒருத்தியின் கோட்டு வில்லை யார் கையில் இருக்கிறதோ அவளும் அவன் கையில்தான் இருக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வாழ்க்கை முழுக்க வில்லை கொடுத்த ஹில்க்காவுக்கே தோன்றவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் வில்யோவுக்கு ஏறிவிட்டது. மூலைக்குப் போய், "ஏய் மோர்க்குடியா, உன் பொண்டாட்டியோட ஒரு ஆட்டம் ஆடணும்டா" என்றான். ஓஸ்மோ சிரித்தான். வில்யோ தன் பீரை அப்படியே அவன் மடியில் கவிழ்த்தான். கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஓஸ்மோ கைத்துணியை எடுத்துத் துடைத்தான். "பரவாயில்ல வில்யோ, துவைச்சா போயிடும்" என்றான். அப்போதும் சிரிப்பு. அவனைத் தவிர எல்லோருக்கும் கோபம் வந்தது. வில்யோவைக் கொத்தாகப் பிடித்து வெளியே கொண்டுபோன ஹில்க்கா, போகிற போக்கில் ஒன்றைப் பார்த்தாள். ஓஸ்மோவின் முகம் சிரித்துக்கொண்டிருக்க, கைகள் மட்டும் மேசைக்கடியில் அந்தத் துணியை மடித்துக்கொண்டிருந்தன. மடித்து, மேலும் மடித்து, இனி மடிக்கவே முடியாத கட்டியாகும்வரை. பார்த்தாள், மறந்தாள்.

அந்த வாரமே வில்யோவின் வேட்டை நாய் விறகுக் குவியலுக்குப் பின்னால் கிடந்தது. கம்பியில் கழுத்தை இறுக்கியிருந்தார்கள். கம்பியின் நுனி முறுக்கி, கையில் குத்தாதபடி ஒழுங்காக மடக்கிவிடப்பட்டிருந்தது. வில்யோ ஊரிலுள்ள தன் பகையாளிகள் அத்தனை பேரையும் வரிசையாகப் போய் அடித்தான். அது கொஞ்சம் நாள் பிடித்தது. மோர் குடிக்கிறவன் அந்த வரிசையில் இல்லை. ஓஸ்மோதான் வில்யோவுக்கு நாய் வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து ஆறுதல் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, ஆட்டம் பாதியில் இருக்கும்போது அய்லி கோட்டறைக்கு வந்தாள். தலைவலி, வீட்டுக்குப் போகிறேன், கோட்டைக் கொடு என்றாள்.

"வில்லை?" என்றாள் ஹில்க்கா, பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டே.

"அவர்கிட்ட இருக்கு."

"போய் வாங்கிட்டு வா. தங்கச்சிக்கு ஒரு சட்டம் பாதிரிக்கு ஒரு சட்டமா?"

அய்லி அரைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். கம்பியில் தொங்கும் தன் கோட்டை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பலகாரத்தைப் பார்க்கிற குழந்தை மாதிரிப் பார்த்தாள். "வேணாம், வலி போயிடுச்சு" என்று திரும்பிப் போய்விட்டாள்.

அவள் நடையில் ஏதோ ஒன்று ஹில்க்காவை உறுத்தியது. தங்கையின் கோட்டை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அவள் கைபடாத கோட்டு அந்த மாவட்டத்திலேயே கிடையாது. பெண்களின் கோட்டுப் பையில் என்னென்ன இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்: சாவி, பாதி ஏலக்காய் பன், மூக்கு துடைத்த துணி, ஒற்றைக் கையுறை, எப்போதோ போட்ட ஒரு நாணயம். கணவனைப் புதைத்த அன்றைக்கே வந்த விதவையின் பையில்கூட ஒரு மிட்டாய் இருந்தது. அய்லியின் இரண்டு பைகளிலும் ஒன்றுமில்லை. தூசிகூட இல்லை. யாரோ தினமும் உள்புறத்தை வெளியே இழுத்துத் தட்டுகிறார்கள். காலருக்கடியில் ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது. நுனியில் வெள்ளையாக வேர் இருந்தது. பொத்தான்கள் தூண்டில் நரம்பால் தைக்கப்பட்டிருந்தன. இழுத்தால் துணிதான் கிழியும், பொத்தான் வராது.

ஹில்க்கா அந்த முடிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் தன் அளவுகோல்களைச் சந்தேகித்தாள்.

வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் தங்கை வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனாள். காப்பியை ஓஸ்மோ ஊற்றினான். அய்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் ஓஸ்மோ சொன்னான். பால்பண்ணைக் கடை வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டால், அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதையும் ஓஸ்மோவே சொன்னான். அய்லி கரண்டியை எடுக்கும் முன் அவன் முகத்தைப் பார்த்தாள், வைக்கும் முன்னும் பார்த்தாள். முன்பெல்லாம் வாசலில் ஹில்க்காவின் கோட்டு தெரிந்தாலே பாய்ந்து வரும் பூனை, அலமாரிக்கு மேலிருந்து இறங்கவே இல்லை. அய்லியின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. சவுனா என்னும் ஆவிக்குளியல் குடிலில், கல்லடுப்பின்மீது சாய்ந்துவிட்டாள் என்றான் ஓஸ்மோ, வருத்தத்தோடு தலையை ஆட்டி. பிறந்த வாரத்திலிருந்து சவுனாவில் குளித்து வளர்ந்த ஒருத்தி, கல்லடுப்பில் போய்ச் சாய்வதாவது.

கிளம்பும்போது ஓஸ்மோ ஹில்க்காவின் கோட்டையும் எடுத்துவந்தான். வேண்டாம் என்று சொல்வதற்குள் போர்த்தி, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிக்கொண்டே வந்தான். கடைசிப் பொத்தானில் அவன் விரல்முட்டி அவள் தொண்டைக்குழியில் அழுந்தியது. எடுக்கவில்லை.  எத்தனையோ பேர் ஹில்க்காவின் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள், அவள் பதிலுக்கு அவர்கள் விலாவை எண்ணியிருக்கிறாள். ஆனால் இப்படிச் சிரித்த முகத்தோடு, ஒரு வார்த்தையும் இல்லாமல், குழந்தைக்குக் குல்லா கட்டுவதுபோல யாரும் பிடித்ததில்லை. அவள் கை எழவே இல்லை.

"வெளிய ரொம்பக் குளிருதுக்கா," என்றான் அன்பாக. "இந்த மாதிரிக் குளிர்ல அடிக்கடி வராதீங்க. வழியில ஏதாவது ஆயிடும்."

நேராகக் காவலர் பெந்தியிடம் போனாள். ஓஸ்மோ குடித்தானா என்று பெந்தி கேட்டான். இல்லை. கத்தினானா? இல்லை. கையில் ஆயுதம்? இல்லை.

"பின்ன என்னதான் பண்ணினான்?"

"பட்டன் போட்டுவிட்டான்."

பெந்தி சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கு வழியாக வந்தது. "என் பொண்டாட்டி காதுல மட்டும் இத போட்ராத தாயி. பதினாறு வருஷத்துல ஒருநாள் எனக்கு நீ பட்டன் போட்டுவிட்டிருக்கியான்னு என்னை உதைப்பா." பிறகு, இத்தனை வருஷம் வாசலில் நின்று உனக்கு எல்லா ஆம்பளையும் ஒரே மாதிரித் தெரிகிறது, போய் ஓய்வெடு என்று புத்திமதி சொன்னான். ஹில்க்காவுக்குக் கோபம் வரவில்லை. போன மாதம் யாராவது வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் அவளும் இப்படித்தான் சிரித்திருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை ஓஸ்மோ வழக்கம்போல இரண்டு கோட்டை நீட்டினான், இரண்டு வில்லையை வாங்கினான். அய்லி அக்காவைப் பார்க்கவே இல்லை.

ரந்தாவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா நேரமும் ஆண்கள்தான் பெண்களை ஆட்டத்துக்கு அழைக்க வேண்டும். ஏழரை மணிக்கு விளக்கின் நிறம் மாறும். அதன் பிறகு ஒரு மணி நேரம் பெண்கள் அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் மறுக்கக் கூடாது. இரண்டு பாட்டு ஆடிவிட்டு, அழைத்தவரை அவர் நாற்காலியில் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் கணவனே ஆனாலும் குறுக்கே வரக் கூடாது. கொலை செய்தவனைக்கூட ஊர் ஒருநாள் மன்னிக்கும், ஆட்டத்துக்குக் குறுக்கே வந்தவனை மன்னிக்காது.

விளக்கு மாறியதும் அய்லி எழுந்தாள். எப்போதும் ஓஸ்மோவைத்தான் அழைப்பாள். ஓஸ்மோ மோர்த் தம்ளரை வைத்துவிட்டு மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். வில்யோவைத் தாண்டினாள், பாதிரியாரைத் தாண்டினாள், கூடத்தை முழுக்கக் கடந்து கோட்டறைக்கு வந்து, அரைக்கதவின் முன் நின்று முழங்காலை வளைத்து வணங்கினாள்.

"ஆடலாமாக்கா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. வாசல்காரிக்கும் ஆட்டமா, தரை தாங்குமா என்று வில்யோ கத்தினான். ஹில்க்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டாங்கோ தொடங்கியது. ஓஸ்மோவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்ச முகமா இரு," என்றாள் அய்லி காதோரம். "அவர் பாக்குறார்."

"சிரிக்கிறேன். சொல்லு."

"சவுனா கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கார். காலைலதான்."

"சவுனாவுக்கு எவன்டி தாழ்ப்பாள் போடுவான்?"

"வெளிப்பக்கம், அக்கா."

ஹில்க்கா ஒரு அடி தப்பாக வைத்தாள். அந்த நாட்டில் வீட்டுக்குப் பூட்டு இருக்கும், படகுக்குப் பூட்டு இருக்கும், சவுனாக் கதவுக்கு ஒரு கொக்கிகூட இருக்காது. சூடு தாங்காதவர் தோளால் இடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காகவே அது வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கும். அய்லி சிரித்துக்கொண்டே மற்றதையும் சொன்னாள். இத்தனை நாளும் அவன் சரி என்று சொல்லும்வரை மேல் பலகையில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் கல்லில் அழுத்துவான். இன்று காலை தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு, எண்ணெய் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் தலையைத் தடவி, நீ ரொம்பக் களைத்துவிட்டாய், நாளையிலிருந்து உனக்கு ஓய்வு என்று சொல்லியிருக்கிறான். அடுப்பை மூட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது பாட்டு முடிந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தால் அவளைக் கொண்டுபோய் ஓஸ்மோவின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஹில்க்கா தங்கையைச் சுழற்றினாள். இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று, நாற்காலிகளுக்கு எதிர்ப்பக்கமாக. சுழற்றிய வேகத்தில் இரண்டு ஜோடிகள் சிதறிப் போய்ச் சுவரில் மோதின. அப்படியே கூடத்தைத் தாண்டிக் கோட்டறைக்குள் போய் நின்றாள்.

கம்பியிலிருந்து அய்லியின் கோட்டை இழுத்தாள். வில்லை கேட்கவில்லை. "போட்டுக்கோ. பின்பக்கமா பெந்தி வீட்டுக்கு ஓடு."

"வில்லை இங்க இருக்குக்கா," என்று ஒரு குரல் கேட்டது.

ஓஸ்மோ அரைக்கதவுக்கு உள்ளே வந்து அதைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தான். இரண்டு வில்லைகளையும் பலகைமேல் வரிசையாக வைத்தான். சிரித்தான். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, சுவரில் தொங்கிய அத்தனை கத்திகளிலிருந்தும் வில்யோவின் கத்தியை எடுத்தான். எந்தக் கத்தி எங்கே தொங்கும், எது நன்றாகத் தீட்டியது என்று, இடுப்பில் கத்தியே கட்டாத அவன் இத்தனை சனிக்கிழமையும் பார்த்து வைத்திருக்கிறான்.

ஹில்க்கா குறுக்கே பாய்ந்தாள். அவள் கற்ற வித்தையெல்லாம் குடிகாரனுக்கானது. அவன் கத்துவான், கையை ஓங்குவான், ஓங்கிய வேகத்திலேயே அவனைத் தள்ளிவிடலாம். இவன் கத்தவில்லை, ஓங்கவில்லை. பென்சில் சீவுகிறவன் மாதிரி நிதானமாகக் குத்தினான். அவள் கத்தியின் அலகையே பிடித்தாள். அலகு விரல்களுக்குள் எலும்புவரை இறங்கியது. அவன் அதை இழுத்தெடுத்து அவள் தோளில் ஏற்றினான். ரத்தம் பித்தளை வில்லைகள்மேல் மழை மாதிரிச் சொட்டியது. அவள் தலையால் அவன் மூக்கை இடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது, அவன் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அவளை உதைத்துத் தள்ளிவிட்டு அய்லியின் பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் டாங்கோ உருகிக்கொண்டிருந்தது. யாரும் கத்தாததால் யாரும் வரவில்லை.

அய்லி சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் ஒரு கையால் அவள் கோட்டின் காலரைப் பிடித்தான். அவள் இரண்டு கையாலும் தலைக்குமேல் இருந்த இரும்புக் கம்பியைப் பற்றித் தொங்கினாள்.

கம்பி பிய்ந்துகொண்டு வந்தது. ஊர் முழுக்க அணிந்துவந்த குளிர்காலக் கோட்டுகள், ஆட்டுத்தோல், நரித்தோல், ஈரம் ஊறிய கம்பளி, கரடித்தோல் என்று வில்யோ சத்தியம் செய்யும் அந்த நாற்றம்பிடித்த ஒன்று, எல்லாம் ஒரு மலையாகச் சரிந்து ஓஸ்மோவை மூடின. அய்லி கிழிந்த காலரை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். ஹில்க்கா ஊர்ந்துபோய் அந்த மலைமேல் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய எடை லேசானதல்ல. கீழேயிருந்து கத்தி குத்தியது. இங்கே ஒரு முனை பளபளத்து மறைந்தது, அங்கே ஒரு முனை. பாதிரியாரின் கோட்டைக் கிழித்துக்கொண்டு வந்து அவள் தொடையில் இறங்கியது. அவள் பிடித்துவைத்த கைக்குப் பக்கத்தில் வந்தது. இத்தனைக்கும் அடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை, கத்தி மட்டும் பொறுமையாக அவளைத் தேடிக்கொண்டிருந்தது.

கம்பி விழுந்த ஓசைக்குத்தான் கூடத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வில்யோ. அவர்கள் கண்ணில் பட்டது என்ன? கோட்டறை நாசம். முரட்டு ஹில்க்கா யார்மேலோ உட்கார்ந்திருக்கிறாள். கீழே ஓஸ்மோவின் பளபளக்கும் காலணி. அவள்மேல் இருந்த ரத்தமும் அவனுடையது என்றே நினைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஹில்க்காவைப் பிடித்து இழுத்தார்கள்.

"பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு? அந்த அப்பாவி உனக்கு என்னடி பண்ணினான்?" என்றான் வில்யோ.

அவள் ஏதோ சொன்னாள், அவள் வாயையும் ஒருவன் பொத்தினான். கோட்டுகளை அகற்றி ஓஸ்மோவை எழுப்பிவிட்டார்கள். அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டான், உடைந்த மூக்கோடு சிரித்தான், எல்லோருக்கும் நன்றி சொன்னான். பாவம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றான். வலது கை சட்டைக் கைக்குள் இழுபட்டிருந்தது. இடது கையை நீட்டி, "வா அய்லி, வீட்டுக்குப் போகலாம்," என்றான். கூட்டம் வழிவிட்டது.

அய்லி நகரவில்லை. இரண்டு வருஷமாக அவனிடம் கேட்டுக் கேட்டுப் பேசியவள், இப்போது யாரையும் கேட்காமல் பேசினாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வில்யோ, அவர் கைக்குள்ள இருக்கறது உன் கத்தி. உன் நாயைக் கொன்ன கம்பிய எங்க வீட்டுத் தூண்டில் பெட்டியிலருந்துதான் வெட்டினார். முனையை மடக்கினது ஞாபகம் இருக்கா? எங்க வீட்ல எல்லாக் கம்பியும் அப்படித்தான் மடங்கியிருக்கும்."

வில்யோ மெதுவாகத் திரும்பினான். ஓஸ்மோவின் இடது கைவிரல்கள் அவன் சட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தன. மடித்து, மேலும் மடித்து. ஹில்க்கா வாயைப் பொத்திய கையைக் கடித்துவிட்டுக் கத்தினாள், "தள்ளுங்கடா!"

அதைக் கேட்டு விலகிய வேகத்தில்தான் வில்யோ பிழைத்தான். கழுத்துக்கு வந்த கத்தி காதை எடுத்துக்கொண்டு போயிற்று. பாதிரியார் கன்னத்தில் ஒரு கோடு. மரவாடித் தம்பிக்குக் கையில் ஒன்று. ஒரு சொல்லும் இல்லாமல், அதே சிரிப்போடு, அவன் வெட்டிக்கொண்டே வாசலை நோக்கி அய்லியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஹில்க்கா ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடி, தன் வாழ்நாள் முழுக்கக் காத்த அந்தக் கனத்த வாசற்கதவை, அவன் கத்திக்கை நிலையைத் தாண்டும் கணத்தில், தோளைக் கொடுத்து அறைந்தாள். முழங்கை எலும்பு முறிந்த ஓசைக்கு அக்கார்டியன் நின்றது. கத்தி விழுந்தது. அய்லியின் முடி அவன் கையிலிருந்து நழுவியது. ஹில்க்கா கதவைக் கொஞ்சம் திறந்து, அவனை வெளியே எடுத்து வைத்தாள்.

தாழ்ப்பாளையும் போட்டாள்.

கோட்டு இல்லாமல் அந்தக் குளிரில் அவன் வெளியே நின்றான். காதில்லாத வில்யோ உள்ளே ஊளையிட்டுக்கொண்டிருந்தான், பெண்கள் மேசைவிரிப்புகளைக் கிழித்துக் கட்டுப் போட்டார்கள். அதற்கு நடுவில் எல்லோருக்கும் கேட்டது, கதவைத் தட்டும் சத்தம். இடிக்கவில்லை. உள்ளே யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாக, மரியாதையாக ஒரு தட்டல். பிறகு, "அய்லி, கோட்டு," என்று அதே இதமான குரல். முன்பு அவனைத் தங்கம் என்று சொன்ன பெண்கள் அந்தத் தட்டலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெந்தி வந்து விலங்கு மாட்டும்வரை அது நிற்கவில்லை. பெந்தி பிற்பாடு தங்கை வீட்டுக்குப் போய்ச் சவுனாவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் பார்த்தான். எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே கற்கள் சிவந்து கிடந்தன. வெளியே வந்து நேராக ஹில்க்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.  அவள் கோட்டு நாற்காலியில் கிடந்தது. அதன் கடைசிப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க லெஹ்தோவாராவில் கிழிசல் தைத்த கோட்டுகள்தான் நடமாடின. பாதிரியாரின் கோட்டில் காற்று நுழைந்து அவர் பிரசங்கத்தின் நடுவே தும்முவார். ஓஸ்மோ பல வருஷத் தண்டனையோடு தெற்கே ஒரு சிறைக்குப் போனான். அங்கேயும் நூலகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள், மிகவும் மரியாதையான ஆள் என்று பெயர் எடுத்திருக்கிறானாம்.

ஹில்க்கா மறுபடி வாசலுக்கு வந்தபோது சட்டத்தை மாற்றியிருந்தாள். யாருடைய கோட்டோ அவர் கையில்தான் வில்லை. எவனாவது மனைவியின் வில்லைக்கும் சேர்த்துக் கையை நீட்டினால், அந்த மடங்காத இரண்டு விரல்களும் அவன் நெஞ்சுக்கு நேராக நிற்கும். அவளும் அவனைக் கால்முதல் தலைவரை பார்ப்பாள். குடித்திருக்கிறானா என்று அல்ல. மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாளா என்று. சிரிக்கிறவனின் கைகள் என்ன செய்கின்றன என்று. நிறையப் பேர் முணுமுணுத்தார்கள், சிலர் மனைவிமார்களோடு வருவதையே விட்டார்கள். அந்த மனைவிமார்களின் வீட்டுக்கு ஹில்க்கா வியாழக்கிழமைகளில் காப்பி குடிக்கப் போனாள். கூட வில்யோவும் போனான், ஒற்றைக் காதோடு.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அய்லி தனியாக வந்தாள். மறுபடி பால்பண்ணைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாதாரண நூலால் பொத்தான் தைத்த ஒரு புதுக் கோட்டைக் கழற்றிப் பலகைமேல் போட்டாள். ஹில்க்கா தூக்கினாள், கை கீழே போயிற்று.

"என்னடி இது, கல்லா கொண்டுவந்திருக்க?"

சாவிகள், இரண்டு ஏலக்காய் பன், திருப்புளி, வெல்லக்கட்டி, பூனைக்கு வாங்கிய கருவாடு, ஜோடி சேராத மூன்று கையுறைகள், எதற்கென்று தெரியாத ஒரு கதவுக் கைப்பிடி. ஹில்க்கா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டினாள். முளை சுவரோடு பிய்ந்துகொண்டு விழுந்தது. அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கோட்டை மடித்துத் தன் நாற்காலியில் வைத்தாள். வில்லையைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.